மிராசு வேஷம் கட்டியவள்

தஞ்சாவூரில் அந்த நாட்களில் வருஷா வருஷம், தை அறுவடை முடிந்து மாசி பிறந்ததும், மாணவர் நாடக விழா ஒன்று நடக்கும். மூன்று நாள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் வருவார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காத இளவட்டங்களுக்கும் இடம் உண்டு. சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடும் பையன்கள் வருவார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைகளிலிருந்து ஒரு குழு, விரலெல்லாம் மெழுகும் களிமண்ணுமாக வந்து இறங்கும். மேடையில் வசனம் பேசி ஜனங்களைச் சேர்த்தவர்கள் கோட்டைக்குப் போய் ஆண்டுகொண்டிருந்த காலம். நாடகம் போடும் பிள்ளைகளை யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தவறாமல் வந்து முதல் வரிசையில் உட்காருவார்.

பி.ஏ. கடைசி வருஷம் எங்கள் கல்லூரிக்கான நாடகத்தை நான் எழுதினேன். எங்களுடையது பெண்கள் கல்லூரி. அப்பன், அண்ணன், போலீஸ்காரன் எல்லா வேஷமும் நாங்களேதான் கட்டவேண்டும்.

கதையை நான் பெரிய புரட்சி என்று நினைத்திருந்தேன். ஒரு மிராசுதார், அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு உழும் ஓர் ஏழை, மிராசுதாருக்குப் படித்த மகள் ஒருத்தி. குத்தகைக்காரனை வெளியேற்றப் பார்க்கிறார் அப்பா. மகள் குறுக்கே நின்று நியாயம் பேசுகிறாள். அப்பா மனம் திருந்தி, "உழைப்பவன் கண்ணீரில் விளைந்த சோற்றை இனி உண்ணமாட்டேன்" என்று நீளமாக ஒரு வசனம் பேசி, நிலத்தை அவனுக்கே கொடுக்கிறார். சுபம். பிரின்ஸ்பால் அம்மாள் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிவிட்டு, "ஊரெல்லாம் கொதிச்சுக் கெடக்கு. எப்படியோ சமாதானமா முடிச்சிருக்கே, சந்தோஷம்" என்று அனுமதி கொடுத்தார்.

கொதித்துத்தான் கிடந்தது. அந்தத் தை மாதம் கூலித் தகராறில் எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தில் ஒரு வாரம் போலீஸ் வேன் நின்றது. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கி அறுத்தார்கள். அப்பாவும் அப்படித்தான் அறுத்தார். ஊரில் அவரை மிராசு என்றுதான் சொல்வார்கள். பாகம் பிரிந்து, உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அங்கே இங்கே எழுதிவைத்து, மிச்சமிருந்தது ஒன்றரை வேலி, ஏக்கர் கணக்கில் பத்து. பெயர் மட்டும் குறையவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்துதான் நான் இப்படி ஒரு நாடகம் எழுதினேன் என்பதில் எனக்குள் ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

மகள் வேஷம் எனக்கு. குத்தகைக்காரன் வேஷம், முத்துப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருடைய மகளுக்கு. அவள்தான் எல்லாருக்கும் வேட்டி, துண்டு, ஜரிகை அங்கவஸ்திரம் எல்லாம் வாப்பா கடையிலிருந்து கொண்டுவந்தாள். மிராசு வேஷத்துக்கு மட்டும் யாரும் அமையவில்லை. நெட்டையாக இருந்தவளுக்குக் குரல் கீச்சென்றது. குரல் கனத்தவள் மேடையில் ஏறியதும் சிரித்துவிடுவாள்.

கடைசியில் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி, "நான் செய்யறேன்" என்றாள்.

அவளும் எங்கள் ஊர்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. சர்க்கார் உதவித்தொகையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நானும் அதே ஹாஸ்டல்தான். முதல் வருஷம் சேர்ந்த அன்று, ஊர்ப் பெயரைக் கேட்டதும் நானாக ஓடிப்போய், "நம்ம ஊரா! நான் உன்னைப் பார்த்ததே இல்லையே!" என்றேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நான் உங்களைப் பாத்திருக்கேன்" என்றாள். ‘நீங்க’வை ‘நீ’யாக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பிறகு நன்றாகவே ஒட்டிக்கொண்டோம். ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. அவளுடைய அப்பா முன்பு எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் என்று தெரியும். தானாகவே விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒத்திகையில் அவள் வசனத்தைப் பிசகில்லாமல் ஒப்பித்தாள். நடிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "கொஞ்சம் அதிகாரமா பேசுடி" என்பேன். "மேடையில வரும்" என்பாள்.

எங்கள் நாடகம் மூன்றாம் நாள், கடைசியாக, மத்தியானம் மூன்று மணிக்கு. வெளிச்சம் வராமல் மண்டபத்து ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே காரில் வந்துவிட்டார்கள். மேடையில் மிராசு உட்கார எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியையே அப்பா கொண்டுவந்திருந்தார். "பொண்ணு கேட்டா, கொண்டாந்தேன்" என்று எல்லாரிடமும் சொன்னார். அவருக்கு முதல் வரிசையில் சட்டமன்ற உறுப்பினருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

திரை ஏறியது. அவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்மையில் வரைந்த மீசை, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம். நான் சைடு விங்கில் என் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். குத்தகைக்காரன் வந்து கும்பிட்டு நின்றான். அவள் உடனே பேசவில்லை. தொண்டையை இரண்டு தடவை செருமினாள். கையிலிருந்த செய்தித்தாளை விரல் அகலத்துக்கு மடித்தாள். வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, அந்தப் பாதத்தால் இடது கெண்டைக்காலை மெள்ளத் தேய்க்க ஆரம்பித்தாள். எதிரே நிற்பவனைப் பார்க்காமல், எங்கோ உயரத்தில் ஒரு தென்னமட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, "என்ன சேதி? சரிதானே?" என்றாள்.



அது என் அப்பா. அந்தச் செருமல், அந்த மடிப்பு, அந்தக் கால், பதிலுக்குக் காத்திராத அந்த ‘சரிதானே’. இருபது வருஷமாக நான் அவர் மகள். அவர் கால் அப்படித் தேய்க்கும் என்பது எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. இவள் எங்கிருந்து கவனித்தாள்? எங்கள் வீட்டு வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் யாருக்கோ பின்னாலிருந்துதான் கவனித்திருக்க முடியும்.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் நிறையப் பேர். அவர்களுடைய சிரிப்பு தனியாகக் கேட்டது. விங்கின் இடுக்கு வழியாக முதல் வரிசையைப் பார்த்தேன். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். நன்றாக, தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது காட்சியில் நான் மேடை ஏறவேண்டும். என் கதைப்படி, குத்தகைக்காரனை அப்பா விரட்டும்போது மகள் ஓடிவந்து, "நிறுத்துங்கள் அப்பா!" என்று கத்தவேண்டும். ஓடிவந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வாம்மா, பாப்பா. நல்ல நேரத்துல வந்தே. இந்தக் காயிதத்தை இவனுக்குப் படிச்சுக் காட்டு."

அது என் நாடகத்தில் இல்லை. அவள் நாற்காலிக் கைப்பிடிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? பார்த்தால், நிஜமான காகிதம். தாலுகா ஆபீஸ் ரப்பர் முத்திரை போட்ட நகல். எங்கள் ஊர்ப் பெயர், சர்வே நம்பர், அப்பாவின் பெயர், அவளுடைய அப்பாவின் பெயர். எழுத்துகள் கண்முன் ஆடின. உள்ளே நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் பெண், "நிறுத்துங்கள் அப்பா, நிறுத்துங்கள் அப்பா" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள்.

 நடுப் பாராவில் என் கண் போய் விழுந்தது.

அப்போது மிராசு, தென்னமட்டையைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார். அவள் சொன்னாள் என்று எழுதவேண்டும், எழுத வரவில்லை.

"நடுவுல வேணாம்மா, சட்டப் பேச்சு, அவனுக்குப் புரியாது. மேல இருக்கறதும் கடைசியில இருக்கறதும் படி, போதும். சரிதானே?"

அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருந்தேன். எனக்குப் பதினாலு வயது, கோடை விடுமுறை. குத்தகைக்காரர் பெயரெல்லாம் சர்க்கார் பதிவேட்டில் ஏறப்போகிறது என்று ஊரில் பேச்சு அடிபட்ட வருஷம். பள்ளிக்கூடத்தில் செய்யுள் வாசிப்பில் எனக்குத்தான் முதல் பரிசு. அப்பா கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். வாசலில் ஓர் ஆள் நின்றிருந்தார். சொசைட்டியில் உரம் வாங்குவதற்கான காகிதம் என்று அப்பா அவரிடம் சொன்னார். "பாப்பா படிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று என்னையும் மெச்சினார். நான் மேலே இருந்ததைப் படித்தேன். நடுவில் வேண்டாம் என்றார். எனக்கும் அது சலிப்பாகத்தான் இருந்தது. கடைசிப் பாராவுக்குத் தாவினேன். ‘மேற்கண்டவற்றைப் படிக்கக் கேட்டு, சரியெனத் தெரிந்து, இதனடியில் கைநாட்டு வைக்கிறேன்’ என்று ஏற்ற இறக்கத்தோடு, பரிசு வாங்கிய குரலில் படித்தேன். அந்த ஆள் என்னைப் பார்த்து ஆசையாகச் சிரித்துவிட்டுக் கட்டைவிரலை மையில் அழுத்தினார். பிறகு நான் மாங்காய் தின்னப் போய்விட்டேன். சுத்தமாக மறந்தும் போனேன்.

நடுப் பாராவில் இருந்தது இதுதான்: அவர் அந்த நிலத்தில் கூலிக்கு வேலை செய்பவர் மட்டுமே, குத்தகை உரிமை ஏதும் அவருக்கு இல்லை, இனிக் கோரவும் மாட்டார், இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தன் சொந்த விருப்பத்தின் பேரில் சொல்கிறார்.

மேடையில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாகவேண்டும். நடுப் பாராவை உரக்கப் படித்திருக்கலாம். கைதட்டு இடி இடித்திருக்கும். காகிதத்தைக் கிழித்திருக்கலாம். நான் எழுதிய நாடகத்து மகள் அதைத்தான் செய்திருப்பாள். நான் மேலே இருந்ததைப் படித்தேன். நடுவை விட்டேன். கடைசிப் பாராவைப் படித்தேன். அவள் சொன்னாள், நான் செய்தேன். என் குரலில் அந்தப் பழைய ஏற்ற இறக்கம்கூட வந்தது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் இருந்த இடங்களில் மட்டும் எப்படியோ நாடகத்துப் பெயர்களைப் போட்டுவிட்டேன்.

முத்துப்பேட்டைக்காரி கெட்டிக்காரி. ஒரு கணம் விழித்துவிட்டு, குனிந்து கட்டைவிரலைக் காகிதத்தில் அழுத்தினாள். அதன்பிறகு மிராசு எழுந்து நின்று, நான் எழுதியபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல், மனம் திருந்தும் வசனத்தைப் பேசினாள். "உழைப்பவன் கண்ணீரில் விளைந்த சோற்றை இனி உண்ணமாட்டேன்!" கைநாட்டு வாங்கிய காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே பேசினாள்.

 பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது. நான் மேடையில் நின்று, என் வசனம் எவ்வளவு அசிங்கமானது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வரிசையில் அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் அவள் தேங்காய் எண்ணெய் தொட்டு மீசையை அழித்துக்கொண்டிருந்தாள்.  அங்கிருந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

"நான்தான் படிச்சேன்" என்றேன்.

"ஆமா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாவுக்குப் பின்னாடி நான் நின்னேன். அவரு கூட வான்னாரு, வந்தேன். உன் பாவாடை பச்சை கலரு. இவ்வளவு நல்லா படிக்குதே இந்தப் பொண்ணு, நாமும் இப்படிப் படிக்கணும்னு வீட்டுக்குப் போற வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே போனேன்."

"மூணு வருஷமா ஒரே பெஞ்சுல இருக்கோம். ஒரு வார்த்தை சொல்லலியேடி."

அவள் துணியைக் கீழே வைத்தாள். "முதல் நாள் நீ ஓடிவந்து, உன்னைப் பாத்ததே இல்லையேன்னு சொன்னே பாரு, அன்னிக்கு ராங்கின்னு நெனச்சேன். நாலு நாள் பழகின பிறகு தெரிஞ்சுது, உனக்கு நெசமாவே ஞாபகம் இல்லைன்னு. அத எப்படிச் சொல்றது? நாங்க சோத்துக்கு இல்லாம போனது உனக்கு ஞாபகத்துலயே இல்ல. நீ இந்த நாடகத்த எழுதிக் காட்டினப்பதான் எனக்குத் தாங்கல. கடைசியில நெலத்தக் குடுத்துடறாராம்!"

 அவள் அழவில்லை. கேடயம் எங்களுக்குத்தான் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.

காரில் திரும்பும்போது அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். வடவாற்றுப் பாலம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

"அந்த மிராசு வேஷம் போட்ட பொண்ணு பிரமாதம். சினிமாவுக்கே போகலாம். யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

 அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஊருதான். மேலக்காட்டு ஒம்பது மா நெலத்த உழுதுக்கிட்டிருந்தானே, அவன் பொண்ணு."

 வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மாவைத் தனியாகப் பிடித்து, "உனக்குத் தெரியுமா? அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"நான் சமையல்கட்டுல இருந்தேன். நீ படிச்சது கேட்டுச்சு. நடுவுல விட்டதும் கேட்டுச்சு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அந்தத் தெருவுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் வளர்ந்தவள் நான். அந்தப் பாலத்தை நடந்து தாண்டியது அன்றுதான் முதல் தடவை. நூறு அடி தூரம்கூட இல்லை. அவளுடைய வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போனேன். அவளுடைய அப்பா வாசலில் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப நீங்க கொழந்தைங்க" என்றார் அவர். ஆறுதலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கணக்காகச் சொன்னார். "அத விடுங்க. வர்ற மாசம் தாசில்தார்கிட்ட விசாரணை இருக்கு. குத்தகைப் பதிவுக்கு மனு போட்டு மூணு வருஷமாச்சு. படிச்சுக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினோம்னு உங்க வக்கீல் சொல்றாரு. படிச்சுக் காட்டினது நீங்க. வந்து சொல்லுவீங்களா?"

அவர் அவ்வளவு நேராகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அழுதுவிட்டு, வீட்டுக்குப் போகத்தான் வந்திருந்தேன். "அப்பா" என்று இழுத்தேன்.

"ஆமா, உங்கப்பாவுக்கு எதிராத்தான்" என்றார்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் பயமாக இருந்தது. அந்த மாதம் முழுக்கப் பயமாகவே இருந்தது. ஹாஸ்டலில் அவள் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் டப்பாவை எப்போதும்போலப் பாதி தள்ளிவைத்தாள். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், "காலையில எத்தனை மணி பஸ்?" என்று நான்தான் கேட்டேன். "ஆறே கால்" என்றாள்.

தாலுகா ஆபீஸில் அப்பா என்னைப் பார்த்ததும், எனக்கு ஏதோ காலேஜ் வேலை, சர்ட்டிபிகேட் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். "என்னம்மா, இங்க?" என்று சிரித்தபடி எழுந்து வந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தாசில்தாருடைய மேஜைமேல் இருந்த கோந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மேலே இருந்ததைப் படித்தேன், நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை, கடைசியைப் படித்தேன், உரத்துக்கான காகிதம் என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது.

அப்பாவின் வக்கீல் என்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர் மாதிரி. அவர் எழுந்து, "அப்ப உனக்கு என்ன வயசும்மா?" என்றார்.

"பதினாலு."

"ஆறு வருஷம் முன்னாடி நடந்தது. நடுவுல படிக்கலைன்னு இவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றே?"

"போன மாசம்வரைக்கும் எனக்கு ஞாபகமே இல்லீங்க. ஞாபகம் வந்தப்புறம் மறக்க முடியல."

"யார் ஞாபகப்படுத்தினாங்க?"

நாடகத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னேன். தாசில்தார் சிரிக்கவில்லை. அவரும் விழாவுக்கு வந்திருந்தாராம். "மேடையில படிச்ச அந்தக் காயிதம் நெசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் அப்பா எனக்காக நின்றுகொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"மொதல் சீன்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "அவ காலைத் தேய்ச்சா பாரு, அப்பவே. பக்கத்துல எம்.எல்.ஏ. உக்காந்திருக்காரு. எழுந்து போனேன்னா அது நான்தான்னு ஆயிடும். சிரிச்சுக் கைதட்டினா வேற எவனோன்னு ஆயிடும். அதான் தட்டினேன்."

 அப்பாவைக் கபடில்லாத மனுஷர், தன்னையே அடையாளம் தெரியாதவர் என்று அந்த ஒரு மாதமும் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றுதான் எனக்கு மிச்சமாக இருந்தது.

"கார்ல கேட்டீங்களே, யாரு வீட்டுப் பொண்ணுன்னு?"

"உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்" என்றார். பிறகு, "எல்லாரும் செஞ்சாங்கம்மா. சட்டம் வருதுன்னதும் இந்தத் தாலுகாவுல எழுதி வாங்காதவன் யாரு? உன்னைப் படிக்கவெச்சதுதான் தப்பு. வேற யாரையாவது படிக்கவெச்சிருக்கணும்" என்றார். கார் பக்கம் நடந்தார். என்னை ஏறச் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வந்தேன்.

அதற்குப்பிறகு ஏழெட்டு மாதம் அப்பா என்னோடு நேராகப் பேசவில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார், நான் எதிரே நிற்கும்போதே. பெரியப்பா வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பெண்களெல்லாம் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா மட்டும் ஒருநாள், மாவு சலித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "நான் அன்னிக்கே சமையல்கட்டுலேருந்து வெளிய வந்திருக்கணும்" என்றாள்.  

அவளுடைய அப்பாவின் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தாசில்தார் உத்தரவு போட்டார். அப்பா அப்பீல் போனார். அதற்குள் ஆட்சி கலைந்தது, அதிகாரிகள் மாறினார்கள், வழக்குக் கட்டு ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போய் உறங்கியது. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ராஜி ஆயிற்று. ஒன்பது மாவில், அதாவது மூன்று ஏக்கரில், ஐந்து மா அவளுடைய அப்பாவுக்கு. வடிகால் ஓரத்து ஐந்து மா, தண்ணீர் தேங்கும் பக்கம். என் அப்பாதான் அதைத் தேர்ந்தெடுத்தார். அவளுடைய அப்பா அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு அந்த வருஷமே நாற்று விட்டார்.

தாசில்தார் உத்தரவு வந்த சமயம் பரீட்சை முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டிருந்தோம். அவள் படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு நன்றி சொல்லிட்டு வரச் சொன்னாரு அப்பா" என்றாள். முடிச்சை இறுக்கினாள். "எனக்குச் சொல்ல வரலடி."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்தேனே என்று நினைத்தேன். வீட்டையே பகைத்துக்கொண்டு வந்து சொன்னேனே. அந்த நினைப்பு வந்த வேகத்தில் எனக்கே அதிர்ச்சியாகவும் இருந்தது. "சொல்ல வேணாம்" என்றேன்.  அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, பெட்டியின் இன்னொரு பக்கத்தைத் தூக்கச் சொன்னாள். ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

அவள் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனாள். மேடை ஏறச் சொல்லி இரண்டு குழுக்கள் அவளைத் தேடி வந்ததாகக் கேள்விப்பட்டேன். போகவில்லை. எனக்கு மெட்ராஸில் கல்யாணமாயிற்று. பத்திரிகை அனுப்பினேன், வரவில்லை. பல வருஷம் கழித்து மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். தலைமை ஆசிரியை ஆகியிருந்தாள். கையில் விடைத்தாள் கட்டு. கொஞ்சம் பருத்திருந்தாள். நின்றுகொண்டே பத்து நிமிஷம் பேசினோம். டிரான்ஸ்பர் கேட்டு அலைவதைச் சொன்னாள். அவளுடைய அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார் என்றாள். வடிகால் ஓரத்து நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறானாம், ரெண்டு வருஷமாக வெள்ளத்தில் போகிறதாம். நான் என் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தவள், தலையை வெளியே நீட்டி, "சாப்டியா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல" என்றேன். பஸ் புறப்பட்டுவிட்டது.